டிரைவருக்கு வந்த வார்னிங்

எழுபதுகளின் கடைசியில் தீவில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதை மாட்டிக்கொடுக்க ஓர் என்ஜினியரும் அதே கப்பலில் வந்தார். கம்ப்யூட்டர் மரப்பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் சுகமாக வந்து சேர்ந்தது. என்ஜினியர் மெட்ராஸிலிருந்து வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். கப்பல் அணையும் ஜெட்டியில் கால் வைத்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "திரும்பிப் போற கப்பல் எப்போ மேடம்?" என்பதுதான்.

எங்கள் அலுவலகத்தின் வேலை கடலை அளப்பது. துறைமுகத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்து மெயின்லேண்டுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஜெட்டியின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. அதற்குள் ஒரு குழாய், குழாய்க்குள் கடல்நீர், நீரின்மேல் ஒரு மிதவை. மிதவை ஏறி இறங்குவதை ஒரு கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். அங்கிருந்து மரைன் ஹில் சரிவில் இருந்த எங்கள் அலுவலகம்வரை கம்பம் நட்டு ஒயர் இழுத்திருந்தார்கள். இனிமேல் கம்ப்யூட்டரே அந்த ஒயர் வழியாகக் கருவியைக் கேட்கும், அது சொல்லும் உயரத்தை டெலிபிரிண்டரில் அடித்துத் தரும் என்பது ஏற்பாடு.

நான் தீவிலேயே பிறந்தவள். அப்பா ஐம்பதுகளில் ரோடு போடும் இலாகாவுக்கு ஓவர்சியராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மெட்ராஸில் கணக்குப் படித்து, புரோகிராம் எழுதும் பயிற்சியும் முடித்து நான் ஊர் திரும்பியதும் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அதில் அலுவலகத்தில் பலருக்கு வயிற்றெரிச்சல். மெஷின்மேல் அவர்களுக்கு ஆசை ஒன்றும் இல்லை. மெஷின் கெடாமலிருக்க அந்த அறைக்கு ஏசி போட்டிருந்தார்கள், அதுதான் காரணம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராக ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அதிகம் வந்தவர் ஹெட் கிளார்க். திருநெல்வேலிக்காரர். தீவு ஹிந்தியில் அவரை எல்லோரும் 'படா பாபு' என்போம். எங்கள் ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வரவேண்டியவர் கப்பலுக்குப் பயந்து மெடிக்கல் லீவில் இருந்தார். அதனால் அலுவலகம் முழுக்க படா பாபு கையில் இருந்தது. ஆபீசர்கள் மட்டும் தொடக்கூடிய பச்சை மையை அவர் எடுத்து எழுத ஆரம்பித்து, யாரும் கேட்காததால் அதையே தொடர்ந்துகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்கும் வெளியே இருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று பேச்சு நடத்த ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். எங்கள் கருவிக்கான டிரைவரை என்ஜினியர் மெட்ராஸில் உட்கார்ந்து, கருவியைக் கண்ணால் பார்க்காமலே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாம் எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அது துளையிட்ட காகித நாடாவாக வந்திருந்தது. ஒரு நாடாவை ஓட்டி, எடுத்து வைத்து, அடுத்ததை ஓட்டி, தீவின் ஈரக்காற்றில் நமத்துப்போன நாடா நடுவில் கிழிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்டி, ஒரு தடவை கம்பைல் செய்து முடிப்பதற்குள் காலைப்பொழுது போய்விடும்.

முதல் தடவை ஓட்டியபோது டெலிபிரிண்டர் தடதடவென்று நெடுநேரம் அடித்தது. மேலே கொட்டை எழுத்தில் டிரைவர் என்று தலைப்பு. கீழே வரிக்கு வரி வார்னிங். எல்லாம் ஒரே புகார்தான்: இந்த வேரியபிள் இனிஷியலைஸ் செய்யப்படவில்லை.

அது என்ன புகார் என்று சொல்லிவிடுகிறேன். வேரியபிள் என்பது மெஷினின் நினைவில் ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் இடம். அரசாங்க குவார்ட்டர்ஸ் மாதிரி. முன்பு குடியிருந்தவர் காலி செய்யும்போது எதை விட்டுப்போனாரோ அது அப்படியே கிடக்கும். நாம் ஓர் எண்ணைப் போடாமல் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்த்தால் பழைய ஆளின் குப்பைதான் கிடைக்கும். அதை நம்முடையது என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிடுவோம். அதைத்தான் கம்பைலர் முன்கூட்டியே எச்சரிக்கிறது.

நானும் என்ஜினியரும் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படா பாபு உள்ளே வந்தார். எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார்.

"என்னம்மா இது, வார்னிங்குன்னு போட்டிருக்கு?"

"டிரைவர்ல கொஞ்சம் கோளாறு சார்."

"இனிஷியல் இல்லங்குதா?"

"இனிஷியலைஸ் பண்ணலைன்னு சொல்லுது சார்."

"அதத்தான் நானும் கேக்கேன்," என்று காகிதத்தை வாங்கி, மேஜைமேல் பரப்பி, ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பச்சை மையில் தன் இனிஷியலைப் போட ஆரம்பித்தார். நாங்கள் தடுப்பதற்குள் பாதிக்காகிதம் பச்சையாகிவிட்டது. போட்டு முடித்து, "இனிமே ஒண்ணும் சொல்லாதுல்லா?" என்று மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

என்ஜினியர் ஏதோ நாடா எடுப்பதுபோல அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, இது வேறு டிரைவர், இது வேறு இனிஷியல் என்று விளக்கப் பார்த்தேன். படா பாபு பாதியிலேயே என்னைக் கையமர்த்தினார்.

"எனக்குப் புரியுது. மெஷினே கண்டுபிடிச்சிருக்குன்னா விஷயம் பெருசுதான். நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. எங்கள் ஜீப் டிரைவர் ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். தீவில் டாலிகஞ்ச் என்ற பகுதியில் அவருடைய மச்சான் மளிகைக்கடை வைத்திருந்தார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். கையில் ஒரு மெமோ இருந்தது. ஜீப் ஓட்டங்களுக்கு மேலதிகாரியின் இனிஷியல் பெறாதது கம்ப்யூட்டரால் கண்டறியப்பட்டுள்ளதாகவும், இதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்றும் பச்சை மையில் எழுதியிருந்தது.

"தங்கச்சி, கல்தி என் மேலதான். தப்புத்தான், இல்லேங்கல," என்றார் மெல்லிய குரலில். "சௌல்தாரிலேருந்து மச்சான் கடைக்கு ஜீப்புல வாழைத்தார் ஏத்தினது நெசம். தேங்கா ஏத்தினதும் நெசம். ஆனா படா பாபுக்கே தெரியாத சங்கதி, இந்த ரூமுக்குள்ளயே கெடக்கற மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அண்ணே, அது உங்களைச் சொல்லலை. டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்கு. அதைத்தான் சொல்லுச்சு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், நல்ல பெண்' என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. வாழைத்தார் ஏற்றாத மனிதராக இருந்தால் நம்பியிருப்பார்.

"சரி, அத விடு. இந்த மெஷின் எது வழியாப் பாக்குது?"

கடலைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். "ஜெட்டில தகர ரூம்ல ஒரு கருவி இருக்குல்ல அண்ணே, அது வழியாத்தான். அங்கேருந்து ஒயர்ல வருது."

"ஓ, அங்கயா கண்ணு வச்சிருக்கு," என்று தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் படா பாபுவிடம் போய் மெமோவை வாபஸ் வாங்கச் சொன்னேன். அவரும் வாழைத்தார் கதையை அதற்குள் கேள்விப்பட்டிருந்தார். "எப்படியோ கள்ளன் ஆப்ட்டுக்கிட்டான்லா," என்றார். மெஷின்மேல் அவருக்கு மரியாதை கூடிப்போயிருந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் உட்கார்ந்து தூங்குவதை நிறுத்திவிட்டார். உட்காருவது மட்டும் தொடர்ந்தது.

இதற்கிடையில் நானும் என்ஜினியரும் வார்னிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை வெறும் பயம். எந்த வழியாகப் போனாலும் அந்த இடத்தில் ஓர் எண் விழுந்துவிடும், ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் சாமர்த்தியம் கம்பைலருக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. கடல் உயரத்தை வைத்துக்கொள்ளும் வேரியபிள் அது. கருவி பதில் சொன்னால் அதில் உயரம் விழும். கருவி பதில் சொல்லாவிட்டால் எதுவும் விழாது. ஆனால் டிரைவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கே கிடப்பதை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடும்.

சோதித்துப் பார்க்க ஒயரைக் கழற்றிவிட்டேன். கருவி இல்லாமலே டெலிபிரிண்டர் ஒரு கடல் உயரத்தை அடித்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்கவைத்தபோது அதைவிட ஒன்று கூடுதலாக அடித்தது. அதற்கடுத்தது இன்னும் ஒன்று கூடுதல். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மெஷினின் கடிகாரம் அதே இடத்தில் விட்டுவிட்டுப்போன நிமிடக்கணக்கை டிரைவர் கடல் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது.

"இதைச் சரியா எழுதணும். பதில் வரலேன்னா வரலேன்னு சொல்லணும்," என்றேன்.

"அதுக்கு நிறைய மாத்தணும் மேடம். கப்பல் வந்துடும்," என்றார் என்ஜினியர்.

அவர் கவலையும் நியாயம்தான். வரப்போகும் கப்பலில்தான் அவர் திரும்ப வேண்டும். அதே கப்பலில் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் மெஷினைப் பார்வையிட வருகிறார் என்று தந்தி வந்திருந்தது. படா பாபு எங்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெரிய ஆபீசர் வாராவ. அந்தக் காயிதத்துல ஒரு வார்னிங் இருக்கப்பிடாது. இருந்தா ஆபீசுக்கு என்ன மரியாதை?"

"ரொம்ப ஈசி சார்," என்றார் என்ஜினியர். என்னிடம் திரும்பி, "எல்லாத்துலயும் ஆரம்பத்துலயே சீரோ போட்டுடுவோம். கம்பைலர் வாயை மூடிக்கும்."

அவர் சொன்னது உண்மை. முதலிலேயே ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் கம்பைலருக்குத் திருப்தி. அது சரியான எண்ணா என்று அதற்குத் தெரியாது. மற்ற வேரியபிள்களில் பூஜ்யம் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. கடல் உயரத்தில் போடத்தான் மனம் வரவில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும்போது எங்கள் துறைமுகத்தில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கருவி செத்துக் கிடக்கும்போது பூஜ்யம் என்று அடித்தால், கடல் வற்றியிருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நாங்கள் இருவரும் சாப்பாட்டு வேளை முழுக்க இதில் வாக்குவாதம் செய்தோம். கடைசியில் நான் சொன்னேன்:

"ஏதாவது ஒரு நம்பர் போட்டாப் போதும்தானே? அப்போ தொண்ணூத்தொம்பது மீட்டர் போடுங்க."

"தொண்ணூத்தொம்பது மீட்டரா? இந்த மலையே முங்கிடுமே மேடம். எவன் நம்புவான்?"

"அதுக்குத்தான்."

அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "யாராவது அடிக்க வந்தா நான் உங்களைக் கை காட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டு எண்ணை மாற்றினார். கம்பைல் செய்தோம். ஒரு வார்னிங்கும் வரவில்லை. படா பாபு சுத்தமான அந்தக் காகிதத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து, கடைசிப் பக்கத்தில் ஓர் இனிஷியல் போட்டார்.

கப்பல் வந்தது. பெரிய ஆபீசர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வேட்டியும் தமிழும் அறியாதவர். ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசினார். அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஜீப் உடனே கிளம்பிப் போய்விட்டது. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்காரவைத்தோம். அங்கிருந்து துறைமுகம் முழுக்கத் தெரியும். டெலிபிரிண்டர் அடித்தது. உயரம் சரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. தண்ணீர் சற்று ஏறியிருந்தது. ஆபீசர் தலையசைத்தார். படா பாபு டீக்குச் சைகை காட்டினார்.

டீ வந்தபோது மெஷின் மறுபடி அடித்தது. கடல் தொண்ணூற்றொன்பது மீட்டர்.

ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. அவர் வந்த கப்பலும் ஜெட்டியோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

படா பாபு முந்திக்கொண்டார். "டுடே ஃபுல் மூன், சார்," என்றார்.

அன்று பௌர்ணமியும் இல்லை. என்ஜினியர் சொன்ன வாக்கைக் காப்பாற்றி என்னைக் கை காட்டினார். மறைக்காமல் சொன்னேன். கருவி பதில் சொல்லவில்லை, பதில் வராதபோது இந்த எண் வரும்படி வைத்திருக்கிறோம், இதைச் சரியாக எழுத நேரம் போதவில்லை என்றேன். வார்னிங்குகளைப் பற்றியும் சொன்னேன். படா பாபுவின் முகம் சுருங்கிவிட்டது.

ஆபீசர் மீசையைத் தடவினார். "பூஜ்யம் ஏன் போடவில்லை?"

"போட்டிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள், சார்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆபீசர் திரும்பவும் ஒருமுறை வெளியே பார்த்துவிட்டு, "உண்மைதான், நம்பியிருப்பேன்," என்றார். பிறகு, "கருவி ஏன் பதில் சொல்லவில்லை? வாருங்கள், போய்ப் பார்ப்போம்," என்று கிளம்பிவிட்டார்.

ஜீப்பைக் காணோம். அதனால் எல்லோரும் மலைச்சரிவில் நடந்தே இறங்கினோம். ஆபீசர் முன்னால், என்ஜினியரும் நானும் நடுவில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படா பாபு கடைசியில்.

ஜீப் தகர அறையின் வாசலில் நின்றது. ஜீப்புக்குள்ளே, கப்பலிலிருந்து இறங்கிய வெங்காய மூட்டைகள் கூரையை முட்டும்படி அடுக்கியிருந்தன. எங்கள் ஜீப் டிரைவர் தகர அறைக்குள் சுவரில் இருந்த கருவியின் சுவிட்சின்மேல் கைவைத்தபடி நின்றிருந்தார்.

"என்னலே செய்யுத இங்க?" என்றார் படா பாபு, மூச்சு வாங்கியபடி.

"ஒண்ணுமில்ல படா பாபு. மூட்டை ஏத்தற வரைக்கும் இது கண்ணைக் கொஞ்சம் மூடி வச்சிருந்தேன். இப்பத் தொறந்துடலாம்னு வந்தேன்," என்றார் அவர். பொய் சொல்லும் நிலையில் அவர் இல்லை. மெஷினுக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார் போலிருந்தது.

"க்யா போல்தா ஹை?" என்று, டிரைவர் சொன்னது புரியாமல் ஆபீசர் படா பாபுவைக் கேட்டார்.

படா பாபு டிரைவரைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். ஆபீசரையும் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

"டெஸ்டிங், சார்," என்று ஹிந்தியில் தொடங்கினார். "கரண்ட் நின்றால் மெஷின் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க இவரை அனுப்பியிருந்தோம்."

ஆபீசர் ஜீப்பிலிருந்து வந்த வெங்காய வாசனையை ஆழமாக இழுத்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நல்ல டெஸ்ட். இதை வாராவாரம் செய்யுங்கள்," என்றார். அடுத்த வாரமே படா பாபு ஓர் ஆர்டர் போட்டார். வாரம் ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பார்ப்பது ஜீப் டிரைவரின் பொறுப்பு. அவர் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் எவ்வளவு நேரம் அணைத்து வைக்கிறார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

என்ஜினியருக்குத்தான் சங்கடம். டிரைவரைச் சரியாக எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். ஆபீசரை ஏற்றிக்கொண்டு கப்பல் என்ஜினியரை விட்டுவிட்டுப் புறப்பட்டதை நாங்கள் இருவரும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். "கடல் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க மேடம். நான் ஏறுற அன்னிக்குத்தான் கொந்தளிக்கும்," என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கருவியைக் கேட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட நேரம்வரை காத்திருப்பது, பதில் வராவிட்டால் உயரத்தைத் தொடாமல் 'பதில் இல்லை' என்று அடிப்பது என்று மாற்றினோம். அந்த வார்னிங் தானாகவே போய்விட்டது. மற்றவற்றில் திணித்திருந்த பூஜ்யங்களையும் எடுத்துவிட்டோம். வெறும் பயமாக வந்த வார்னிங்குகள் திரும்ப வந்தன. அவற்றை அப்படியே விட்டு, பக்கத்தில் ஏன் விட்டோம் என்று எழுதிவைத்தேன். படா பாபுவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஆபீசர் போகும்போதே சம்மதித்துவிட்டதால் பேசாமலிருந்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் நிஜமாகவே மரம் விழுந்து ஒயர் அறுந்தது. ரோடெல்லாம் சேறு, சரிசெய்ய ஆள் போக வழியில்லை. டெலிபிரிண்டர் பொறுமையாக 'பதில் இல்லை' என்று அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைய கணக்கு வரவில்லையே என்று மெயின்லேண்டிலிருந்து தந்தி வந்தது. உடனே ஏதாவது ஒரு எண்ணை அனுப்பவும் என்று அதில் இருந்தது.

படா பாபு தந்தியோடு என் அறைக்கு வந்தார். "நேத்தையதையே போட்டுருவமா?" என்றார்.

"வேண்டாம் சார். தெரியலைன்னு போடுங்க."

"என் சர்வீஸ்ல ஒருநாளும் மேலிடத்துக்குத் தெரியலைன்னு எழுதினது கிடையாதும்மா."

"தெரியலையே சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தந்திக் காகிதத்தை எடுத்து, ஆங்கிலத்தில் 'உயரம் தெரியாது' என்று எழுதி என்னிடம் காட்டினார். "ரொம்ப மொட்டையா இருக்கு. பின்னால 'பணிவுடன்'னு சேத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு அவரே தந்தி ஆபீசுக்கு இறங்கிப் போனார்.